வண்டியில் வந்தவர் பரிமாற வேண்டும்

எங்கள் கடைத்தெருவுக்கு தீபாவளிக்கு மறுநாள்தான் தீபாவளி. அன்றைக்குத்தான் பட்டாசுக் குப்பையைக் கூட்டித் தள்ளிவிட்டு எல்லாக் கடைக்காரர்களும் காலை நீட்டி உட்காருவார்கள். இனிப் பொங்கல் வரைக்கும் பெரிய வியாபாரம் கிடையாது. கோயிலுக்குப் போகிறவர் கோயிலுக்கும், சம்பந்தி வீட்டுக்குப் போகிறவர் சம்பந்தி வீட்டுக்கும் கிளம்புவார்கள். கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் சைக்கிள் சங்கம் ஒன்று வைத்திருக்கிறார்களே, அவர்கள் வருஷாந்திர நெடும்பயணம் கிளம்புவதும் அப்போதுதான். ஐப்பசியில் மழை பெய்யும் என்பது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். இவர்களுக்கும் தெரியும். தெரிந்தும் வருஷம் தவறாமல் அந்த மழையில்தான் போவார்கள். சளியும் காய்ச்சலுமாகத் திரும்பி வந்து, "இந்த வருஷம் மழை கொஞ்சம் ஜாஸ்தி" என்று அதிசயம்போலச் சொல்வார்கள். கடை மூடியிருக்கும் நாளில்தான் உலகம் பார்க்கவேண்டும் என்கிற புத்தி கடைக்காரனைத் தவிர வேறு யாருக்கும் வராது. நானும் கடைக்காரிதான். நோட்டுப் புத்தகக் கடை. எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது, அதனால் பிழைத்தேன்.

என் பக்கத்துக் கடை செருப்புக் கடை. போர்டில் தஸ்தகீர் என்று பெயர் இருக்கும். உள்ளே நுழைந்தால் மெஹ்ராஜ் பேகம்தான் எல்லாம். தஸ்தகீர் அண்ணன் மேலே ஏணியில் நின்று பெட்டி எடுத்துக் கொடுப்பார், கீழே அவள் விற்பாள். பேரம் பேசுகிறவர்களை அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். பேரம் வியாபாரத்தில் உண்டு. பத்து ஜோடியைக் காலில் மாட்டிப் பார்த்துவிட்டு வாங்காமல் போய், மறுவாரம் மறுபடி வருகிறவர்கள்தான் அவளிடம் மாட்டுவார்கள். "போன வாரம் பாத்ததுதான் இது. ஒரு வாரத்துல கால் வளந்துடுச்சா?" என்பாள். அப்படிக் கேட்டதற்காகவே வெட்கப்பட்டு வாங்கிப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மெஹ்ராஜ் பிறந்தது மணலூர்பேட்டை. அப்பா நெல் வியாபாரி. பத்தொன்பது வயதில் கட்டிக்கொடுத்தார்கள். ஒரு பெண், ஒரு பையன். பெண் சென்னையில் வேலை பார்க்கிறாள், பையன் பஹ்ரைனில். நாற்பத்தேழு வயதில் அவள் சைக்கிள் சங்கத்துக்குப் போனதற்கு அவளுக்குத் தெரிந்து ஒரு காரணமும் இல்லை. தஸ்தகீர் அண்ணனுக்குச் சர்க்கரை வந்தது. சைக்கிள் மிதியுங்கள் என்றார் டாக்டர். உடனே கியர் வைத்த சைக்கிளாக வாங்கி, சங்கத்திலும் சேர்ந்துவிட்டார். ஒரே மாதத்தில் முட்டி வீங்கிவிட்டது. சைக்கிள் கடைக்குள் செருப்பு அட்டைப்பெட்டிகளோடு சாய்ந்து நின்றது. போகவர மெஹ்ராஜ் அதில் இடித்துக்கொண்டே இருந்தாள். ஒருநாள் விடியற்காலை தொழுகை முடிந்த கையோடு அதை எடுத்துக்கொண்டு ஏமப்பேர் வரைக்கும் போய்விட்டு வந்தாள். வந்து என்னிடம், "கமலா, இத்தினி வருஷம் இத யாரும் சொல்லவே இல்லியே" என்றாள். எதைச் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

அவள் உறவுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? வயதான காலத்தில் இதென்ன கூத்து என்றார்கள். அதற்குத் தஸ்தகீர் அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்தார். சங்கத்தார் நெடும்பயணம் போனால் மூட்டை முடிச்சு, அடுப்புச் சாமான், பஞ்சர் சாமான் எல்லாம் ஏற்றிக்கொண்டு பின்னால் ஒரு வண்டி வரவேண்டும். கடைக்குச் சரக்கு எடுக்க அவரிடம் குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டி இருந்தது. அதை நானே ஓட்டி வருகிறேன் என்றார். "நான் கூடவே போறேன்ல, இன்னா இப்போ?" என்று உறவுக்காரர்களின் வாயை அடைத்தார். நல்ல மனிதர். யாரிடமும் இல்லை என்று சொல்லத் தெரியாதவர். மெஹ்ராஜுக்கு வெளியே போக வழிவிட்டது அந்த வண்டிதான். அவளைப் பிடித்துக்கொண்டதும் அதே வண்டிதான்.

சங்கத்துக்குத் தலைவர் கண்ணாயிரம். ஊரில் உரக்கடை, களமருதூரில் நிலபுலம். அவர் பேச ஆரம்பித்தால் யூரியா மூட்டைகூடத் தலையாட்டும். ஆரம்பத்தில் வாடகை வண்டி வைத்துப் பயணம் போனபோது பாதிப் பேர் பாதி வழியிலேயே வண்டியில் ஏறிக் குந்திக்கொண்டார்களாம். அதற்காக அவர் ஒரு சட்டம் போட்டார். வண்டியில் ஏறியவர் அன்றைக்கு எல்லோருக்கும் சாப்பாடு பரிமாற வேண்டும். மிதித்து வந்தவர் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். தள்ளிக்கொண்டு வந்தாலும் பரவாயில்லை, சொந்தக் காலில் வந்தால் போதும். பரிமாறியவர் எல்லோரும் எழுந்த பிறகு மிச்சம் மீதியைச் சாப்பிடலாம். எனக்கு அந்தச் சட்டம் பிடித்திருந்தது. எங்கள் கடைத்தெரு ஆண்கள் காசைக்கூட விட்டுக்கொடுப்பார்கள், பந்தியில் இடத்தை விட்டுக்கொடுக்கமாட்டார்கள். அன்றிலிருந்து நொண்டிக்கொண்டாவது மிதித்தார்கள்.

மெஹ்ராஜ் போன முதல் வருஷம் செஞ்சிப் பயணம். நல்ல மழை. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, சைக்கிள் சங்கிலிதான் அறுந்தது. மாட்டித் தருகிறேன் என்று யாரும் குனியவில்லை. "வண்டிதான் இருக்குதே" என்று தூக்கி ஏற்றிவிட்டார்கள். அன்றைக்கு அவள் பரிமாறினாள். சட்டம் சட்டம்தானே என்று சிரித்துக்கொண்டே பரிமாறினாள். மறு வருஷம் பரங்கிப்பேட்டைக்கு. அதிலும் மழை. வழியில் ஒரு வீட்டில் அனுமதி கேட்டுக் கழிவறைக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தால் சைக்கிள் வண்டிமேல் கயிறு போட்டுக் கட்டியாகிவிட்டது. கண்ணாயிரமே முன்னால் நின்று கட்டியிருக்கிறார். "மழைல ஒனக்கு இன்னாத்துக்கு கஷ்டம் தங்கச்சி?" அவிழ்க்கச் சொன்னால் மொத்தப் பேரும் நேரமாகிறது என்று முகம் சுளிப்பார்கள். ஏறிக்கொண்டாள். மறுபடியும் பரிமாறினாள். அன்றைக்கு யாரோ, "அக்கா கையால போட்டா தனி ருசி" என்று சொல்லிவிட்டார்கள். மற்ற எல்லோரும் ஆமாம் என்றார்கள். அந்தப் பாராட்டைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

மூன்றாவது வருஷம் கல்வராயன் மலை. மூன்று நாள் திட்டம். முதல் நாள் உளுந்தூர்பேட்டைப் பக்கம் போய்க் களமருதூரில் கண்ணாயிரம் வீட்டில் தங்கல். இரண்டாம் நாள் மணலூர்பேட்டை போய், சங்கராபுரம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கே திரும்பி அவரவர் வீட்டில் தூக்கம். மூன்றாம் நாள் மலையேறிக் கரியாலூர். நீண்ட தூரம் போய்விட்டு ராத்திரி சொந்தப் பாயில் வந்து படுக்கும் பயணத்தை இவர்கள்தான் போட முடியும். போவதற்கு முன் அவள் என் கடை முன்னால் நின்றுகொண்டு, "இந்த வாட்டி ஒக்காந்து சாப்புடணும் கமலா" என்றாள்.  மலை, அருவி, மேகம் ஒன்றும் அவளுக்கு வேண்டாம். வரிசையில் ஒரு இலை வேண்டும்.

இரண்டு நாளும் அவள் ஒரு மீட்டர்கூட வண்டியில் ஏறவில்லை. மூன்றாம் நாள் காலை விழித்தபோதே கூரைத் தகட்டில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. தஸ்தகீர் அண்ணன் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு, "இன்னிக்கி நீ வண்டிலயே வந்துடேன்" என்றாராம். அவள் மழைக்கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். ஸ்கூட்டருக்கு வாங்கிய கோட்டு அது. சைக்கிளில் ஏறிக் காற்று புகுந்தால் புடைத்துக்கொண்டு நிற்கும்.

கச்சிராயபாளையம் வரைக்கும் சமதரைதான். ஆனால் கரும்பு டிராக்டர்கள் போட்ட சேறு ரோடு முழுக்க வழவழவென்று கிடந்தது. முன்சக்கரம் வாரியடித்த சேறெல்லாம் அவள் முகத்தில்தான். கண்ணாடி போட்டால் கண்ணாடி தெரியவில்லை, கழற்றினால் கண் எரிந்தது. ரோட்டோர டீக்கடையில் நின்றவர்கள், "பாயம்மா சைக்கிள்ல போவுது பாரு" என்று ஆளுக்கு ஆள் காட்டிக்கொண்டார்கள். கோமுகி அணைப் பக்கம் டீ குடிக்க நின்றபோது கண்ணாயிரம் ஆரம்பித்தார்.

"தங்கச்சி, மலைல இன்னும் ஜாஸ்தியா இருக்கும். நீ வண்டில குந்திக்கோ."

"எனக்கு மட்டும்தான் பேயுதாண்ணே மழை?"

"ஆம்பளைங்க வேற. வழுக்கி வுழுந்தா நாங்க எழுந்து போய்க்கினே இருப்போம்."

"நானும் எழுந்திருப்பேன்."

மின்சாமான் கடைப் பிச்சைமுத்து சங்கத்திலேயே வயதில் சின்னவன். "உங்க நல்லதுக்குத்தான்க்கா சொல்றாரு" என்றான். அவளுக்கு அதற்குமேல் டீ இறங்கவில்லை. திட்டினால் திருப்பித் திட்டலாம், நல்லதுக்குச் சொல்கிறேன் என்கிறவனை என்ன செய்வது? கிளாஸை வைத்துவிட்டு எல்லோருக்கும் முன்னால் கிளம்பினாள். அந்தச் சாமர்த்தியம் முதல் ஏற்றம் வரைக்கும்தான். அங்கே ஒவ்வொருவராக அவளைத் தாண்டிப் போனார்கள். போகும்போது ஒவ்வொருவரும், "வண்டி பின்னாலதான் வருது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

வண்டி பின்னால்தான் வந்தது. ஆள் நடக்கிற வேகத்தில், விளக்கைப் போட்டுக்கொண்டு, அவள் முதுகையே பார்த்துக்கொண்டு. நடுநடுவே ஒரு ஹாரன். அவள் முறைத்தால் ஹாரன் நிற்கும். பிறகு தஸ்தகீர் அண்ணன் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டுவார்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். மலையில் சாப்பாட்டுக்குக் கரியாலூரில் அம்சவள்ளி என்கிற அம்மாளிடம் சொல்லியிருந்தார்கள். சாமைச் சோறு, நாட்டுக்கோழிக் குழம்பு, ரசம். எந்தப் பயணத்திலும் கோழியைப் பாய்தான் அறுக்கவேண்டும் என்பது இவர்கள் சேர்ந்ததிலிருந்தே சங்கத்தில் உள்ள வழக்கம். தஸ்தகீர் அண்ணன் போய் பிஸ்மி சொல்லி அறுத்தால்தான் அவரும் மெஹ்ராஜும் சாப்பிட முடியும். எல்லோருக்கும் ஒரே குழம்பாகிவிடும். அதில் யாருக்கும் மனக்குறை கிடையாது. அதனால் எல்லாப் பயணத்திலும் சாப்பாட்டு நேரத்துக்கு நல்ல முன்னாலேயே வண்டி போய்ச் சேர்ந்தாக வேண்டும். அம்சவள்ளி மசாலா அரைத்து வைத்துக்கொண்டு இரண்டு முறை போன் செய்துவிட்டாள்.

"ஏறிக்க மெஹ்ராஜ். கோழி காத்துகினு இருக்குது."

"இருக்கட்டும். அதுக்கு சந்தோஷந்தான். இன்னும் கொஞ்ச நேரம் உசுரோட இருக்கும்."

"வெளாடாத. நான் சீக்கிரம் போவணும். ஒன்ன இந்த மழைல தனியா வுட்டுட்டு எப்பிடிப் போறது?"

"போங்க. நான் வரேன்."

அவர் போனார். அடுத்த கொண்டை ஊசி வளைவில் ஓரங்கட்டி நின்றுகொண்டிருந்தார். அவள் மூச்சு வாங்க அங்கே வந்து சேர்ந்தால், கதவைத் திறந்து வைத்திருக்கிறார். தாண்டிப் போனாள். மறுபடி அவளைக் கடந்து போய் அதற்கடுத்த வளைவில் நின்றார். அங்கேயும் கதவு திறந்திருந்தது. உள்ளே சீட்டில் காய்ந்த துண்டு ஒன்று மடித்து வைத்திருந்தார். அந்தத் துண்டைப் பார்த்ததும்தான் அவளுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. சைக்கிளை நிறுத்தினாள். அந்த இடத்தில் நின்று அவர்கள் பேசியதை அவள் எனக்கு வரி மாறாமல் சொன்னாள்.

"இன்னாங்க வேணும் உங்களுக்கு?"

"ஏறு. அவ்ளோதான்."

"ஏறினா நான் பரிமாறணும்."

அவருக்கு முதலில் புரியவே இல்லை. "அதுக்கா? பரிமாறினா இன்னா இப்போ? வூட்ல தினம் செய்யறதுதானே."

"அதான். வூட்லயும் அதான், இங்கயும் அதான்னா நான் எதுக்கு மூணு நாளா மிதிக்கறேன்?"

 தஸ்தகீர் அண்ணன் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே, "நான் கண்ணாயிரத்துகிட்ட சொல்றேன், ஒன்ன பரிமாற வுடவேணாம்னு" என்றார். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். இவர் சொல்லி அவர் விட்டு, அப்புறம் அவள் உட்கார்ந்தால் அது என்ன இடம்?

"இங்க பாருங்க. தொடை ரெண்டும் நடுங்குது. குளிருது. இன்னும் ஒரு வாட்டி நீங்க கதவத் தொறந்து வெச்சிகினு நின்னா நான் ஏறிடுவேன். சத்தியமா ஏறிடுவேன். அதான் போங்கன்றேன். தயவுபண்ணிப் போங்க."

அதைக் கேட்டபிறகுதான் அவர் கதவை மூடினார். வண்டி மேலே ஏறி, மேகத்துக்குள் போய், விளக்கு மறைந்து, சத்தமும் நின்றுபோனது. ஐந்து நிமிஷம் அவளுக்குச் சந்தோஷமாக இருந்ததாம். அப்புறம் பயமாகிவிட்டது.

மலைச்சாலையில் மழை மேலிருந்து மட்டுமா வருகிறது? ரோட்டின் மேட்டுப் பக்கத்திலிருந்து செந்தண்ணீர் சிறுசிறு கல்லை உருட்டிக்கொண்டு குறுக்கே ஓடியது. கோட்டு புடைத்துப் பின்னால் இழுத்தது. கழற்றிச் சுருட்டிக் கேரியரில் வைத்தாள். அடுத்த நிமிஷமே சல்வாரும் துப்பட்டாவும் ஊறி, ஆளைவிடத் துணி கனமாகிவிட்டது. ஏற்றத்துக்கான கடைசிக் கியரில் போட்டால் சங்கிலி கடகடவென்று நழுவியது. அதற்கு முந்திய கியரில் போட்டால் கால் நகரவில்லை. செங்குத்தாக இருந்த இடத்தில் இறங்கித் தள்ளினாள். செருப்புக் கடைக்காரி ஒரு நல்ல ஷூ போட்டுக்கொண்டு போயிருக்கக் கூடாதா? புது ஸ்டாக்கில் வந்ததை மாட்டிக்கொண்டு போயிருக்கிறாள். பாதி மலையிலேயே அடிப்பாகம் வாயைப் பிளந்துவிட்டது. அந்தக் கம்பெனிச் சரக்கை இனி எடுக்கக் கூடாது என்று நடுமழையில் நின்று முடிவு செய்தாள். குரங்குகள்கூட மரத்துக்குள் ஒடுங்கிக்கொண்டிருந்தன. போனில் சிக்னல் இல்லை. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் எல்லோர்மேலும் கோபப்பட்டாள். கண்ணாயிரம்மேல், மழைமேல், ஐப்பசியில் பயணம் வைத்த சங்கத்தின்மேல், மடித்து வைத்த துண்டின்மேல். ஒரு இடத்தில் அழுகையும் வந்தது. மழையில் அழுதால் ஒரு சௌகரியம், துடைக்க வேண்டாம்.

ஆனாலும் நிற்கவில்லை. மற்றவர்களும் இந்த மழையில்தானே மேலே மிதித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லிச் சொல்லித்தான் காலை நகர்த்தினாளாம். அவர்களால் முடிந்தால் தன்னாலும் முடியும்.

அருவிக்குப் பிரியும் வளைவுக்கு மேலே ஒரு பயணியர் நிழற்குடை. மலைக்காரப் பெண்மணி ஒருத்தி கடுக்காய் மூட்டையோடு பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தாள். மெஹ்ராஜ் மூச்சு வாங்கிக்கொள்ள அங்கே ஒதுங்கினாள். அந்தப் பெண்மணி மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"நீங்களும் அந்த சைக்கிள்காரங்கதானா?"

"ஆமா. அவங்க போயி ரொம்ப நேரம் ஆச்சா?"

"இங்கதான் ஒதுங்கினு நின்னாங்க. அப்பறம் ஒரு வண்டி வந்துது. எல்லாரும் அதுல ஏறிப் பூட்டாங்க. சைக்கிள எல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டினாங்க. ஒங்கள வுட்டுட்டா போனாங்க?"

மெஹ்ராஜுக்கு முதலில் காதில் விழுந்தது நம்பும்படியாக இல்லை. எல்லோருமா என்று கேட்டாள். எல்லோரும்தான், தொந்தி வைத்த பெரியவர் முன்சீட்டில் ஏறினார் என்றாள் அந்தப் பெண்மணி. தொந்தி வைத்த பெரியவர் கண்ணாயிரம்தான். அவளுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஆம்பளைங்க வேற என்று சொன்ன வாய் ஈரம் காய்வதற்குள், காய்ந்த சீட்டில் ஏறிப் போயிருக்கிறது. ஆனால் அடுத்த நொடியில் இன்னொன்றும் தோன்றியது. அத்தனை பேரும் வண்டியில் போயிருக்கிறார்கள். சங்கத்திலேயே மிதித்து வருகிற ஒரே ஆள் இவள்தான். அப்படியானால் இன்றைக்கு அத்தனை பேரும் பரிமாறவேண்டும், இவள் ஒருத்தி உட்காரவேண்டும்.

"அதுக்கப்புறம் கால் வலியே தெரியல கமலா" என்றாள். பொய் சொல்லத் தெரியாதவள் என்பதால் உடனே, "தெரிஞ்சுது. ஆனா வலிக்கட்டும்னு இருந்துது" என்று திருத்திக்கொண்டாள்.

கரியாலூரில் அம்சவள்ளி வீட்டு முன்னால் தார்ப்பாய் இழுத்துக் கட்டிப் பந்தல் போட்டிருந்தார்கள். அவள் போய்ச் சேர்ந்தபோது மழை தூறலாகிவிட்டது. பந்தலுக்கு வெளியே குட்டி யானை நின்றது. சைக்கிள்களைக்கூட இன்னும் இறக்கவில்லை. பந்தலுக்குள் ஆண்கள் எல்லோரும் தலை துவட்டி, காய்ந்த லுங்கி கட்டிக்கொண்டு, பாயில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எதிரே தையல் இலை போட்டுத் தண்ணீர் தெளித்துத் துடைத்தாகிவிட்டது. வரிசைக்கு முன்னால் சோற்றுப் பாத்திரமும் குழம்பு வாளியும் தயாராக இருந்தன. இலையில் ஒன்றும் இல்லை.

தஸ்தகீர் அண்ணன்தான் முதலில் பார்த்தார். "அல்லாஹ், வந்துட்டா" என்று சத்தமாக மூச்சு விட்டார். கண்ணாயிரம் கைதட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

"சபாஷ் தங்கச்சி. வா வா. ஒனக்காகத்தான் எல்லாரும் பசியோட காத்துகினு இருக்கோம்."

அவள் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உள்ளே வந்தாள். பாயில் தனக்கு எங்கே இலை என்று பார்த்தாள். இல்லை. அம்சவள்ளி ஒரு கரண்டியைக் கொண்டுவந்து அவளிடம் நீட்டினாள். "அக்கா வந்துதான் போடுவாங்கன்னு சொன்னாங்க. அதான் நான் போடல."

கரண்டியை வாங்காமல் மெஹ்ராஜ் கண்ணாயிரத்தைப் பார்த்தாள். "வண்டில வந்தவங்கதானே போடணும்?"

"அது சாதாரண நாளைக்கு" என்றார் கண்ணாயிரம். "இன்னிக்கி மழைனால சட்டம் கெடையாதுன்னு பேசி முடிவு பண்ணிட்டோம்."

"எங்க பேசினீங்க?"

"வரும்போதுதான். வண்டில."

"எல்லாரும் ஒரு மனசாத்தான்க்கா முடிவு பண்ணோம்" என்றான் பிச்சைமுத்து.

"போன வருஷமும் மழைதானே அண்ணே?"

"அது சாதா மழை தங்கச்சி. போடும்மா, குழம்பு ஆறுது. ஒன் கையால போட்டாத்தான் எறங்கும்."

 துப்பட்டாவிலிருந்து பாயில் தண்ணீர் சொட்டியது. ஒரு கரண்டிதானே, வாங்கிப் போட்டுவிட்டால் எல்லாம் நல்லபடியாக முடியும் என்று தோன்றியதாம். கை நீளக்கூடச் செய்தது. அப்போதுதான் வரிசையின் கடைசியில் உட்கார்ந்திருந்த தஸ்தகீர் அண்ணனைப் பார்த்தாள். அவர் முன்னாலும் ஒரு இலை. அவரும் தண்ணீர் தெளித்துத் துடைத்து வைத்திருந்தார். செஞ்சியில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். பரங்கிப்பேட்டையிலும் அப்படித்தான். வண்டியில் ஏறியவர் பரிமாற வேண்டும் என்றால், வீட்டு வாசலில் ஏறி வீட்டு வாசலில் இறங்குகிறவர் இவர் ஒருவர்தான். இரண்டு வருஷமாக அது யாருக்கும் தோன்றவில்லை. அவருக்கும் தோன்றவில்லை. அவளுக்கே இப்போதுதான் தோன்றியது. அதுதான் அவளுக்கு நெஞ்சில் தைத்தது.

"ஏங்க" என்றாள். "மூணு வருஷமா நீங்க வண்டிலதானே வரீங்க. ஒரு வாட்டியாவது கரண்டியத் தொட்டீங்களா?"

 தஸ்தகீர் அண்ணன் இலையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அவள் வாய் பிளந்த ஷூவைப் பார்த்தார். ஒருவரும் அவரை அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார். தன் இலையை எடுத்து வரிசைக்கு எதிரில் தனியாகப் போட்டார். "நீ குந்து" என்றார்.

அவள் ஈரத்தோடு உட்கார்ந்தாள். அவர் அம்சவள்ளியிடமிருந்து கரண்டியை வாங்கினார். செருப்புப் பெட்டி அடுக்கத் தெரியும், கோழி அறுக்கத் தெரியும், இதற்குப் பழக்கமில்லை. சோறு போடுவதற்கு முன்னால் குழம்பை ஊற்றிவிட்டார். இலையின் பாதி நனைந்து வெளியே ஓடியது. அதன்மேல் சோற்றை வைத்தார். "போதுமா?" என்று கேட்டார். இன்னும் என்றாள். போட்டுவிட்டுக் கரண்டியோடு கண்ணாயிரத்தின் இலைப் பக்கம் திரும்பினார்.

"அங்க வேணாம்" என்றாள் மெஹ்ராஜ்.

"பசிக்குது தங்கச்சி" என்று கண்ணாயிரம் சிரித்துப் பார்த்தார்.

"நீங்களும் வண்டில வந்தவருதாண்ணே. இங்க எல்லாருமே வண்டில வந்தவங்கதான். இவங்க போடறவங்க. சாப்புடறவ நான் ஒருத்திதான்."

தஸ்தகீர் அண்ணன் நடுவில் நின்றார். இந்தப் பக்கம் இரண்டு வருஷமாகக் கூடவே சுற்றிய கூட்டாளிகள், அந்தப் பக்கம் அவள். இல்லை என்று யாரிடமும் சொல்லத் தெரியாத மனிதர் அவர்.  கரண்டியை வாளிக்குள் வைத்துவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து மனைவியின் இலைக்குப் பக்கத்தில் நின்றார். அத்தனை ஆண்களும் காலி இலை முன்னால் உட்கார்ந்து அவள் வாயையே பார்த்தார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ஒருவரும் தாங்களாகவே எடுத்துப் போட்டுக்கொள்ளவும் இல்லை. அதுவும் தெரியாதோ என்னவோ.

"ஜெயிச்ச மாதிரியே இல்ல கமலா" என்றாள் என்னிடம். "கை வெறச்சிப் போயி சோறு பாதி கீழதான் வுழுந்துது. அத்தினி பேரு பசியோட பாக்கும்போது எப்பிடி எறங்கும்?  ரெண்டு வாய்க்கு மேல முடியல. எழுந்திருச்சா அவங்க சாப்புடுவாங்க, எல்லாம் சரியாப் பூடும்."

எழுந்தாயா என்று கேட்டேன்.

"இன்னொரு கரண்டி கேட்டேன்" என்றாள். "அவரு போட்டாரு."